சுவர் சுவராகப் பேசியவர்

ஒரு கட்டடத்தைப் பார்த்து "நல்ல கட்டடம்" என்றோ "மோசமான கட்டடம்" என்றோ அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. வேறு யாராவது அப்படிச் சொன்னால், பல்வலிக்காரர் ஐஸ் தண்ணீர் குடித்ததுபோல முகம் சுளிப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்: "எந்த எடத்துலங்க?"

எங்கள் ஊரில் அவரை இன்ஜினியரம்மா என்றுதான் அழைத்தோம். அவருக்கு அழகான பெயர் உண்டு. எழுதினால் கோபித்துக்கொள்வார் என்பதால் விட்டுவிடுகிறேன். பழைய செங்கல் கட்டடங்களைத் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, இன்னும் தாங்குமா தாங்காதா என்று அறிக்கை கொடுப்பது அவர் உத்தியோகம். கொல்லிமலையில் குண்டனி நாடு என்ற பகுதியில் இருக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தார். நான் அங்கே ஆசிரியை. அதே பள்ளியில் படித்து, அதே கரும்பலகைக்கு முன்னால் திரும்பி வந்து நின்றவள். அந்தக் கட்டடத்தை யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கோ குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. நாங்கள் இருவரும் எப்படி ஒத்துப்போனோம் என்பது எனக்கே ஆச்சரியம்.

முதல் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் கையில் கசக்கிய எலுமிச்சம்பழம் இருந்தது. முக்காட்டுக்குள் முகம் வெளிறிக் கிடந்தது. "மலையேறினா வாந்தி வருமுங்களா?" என்று கேட்டேன். "எல்லா வளைவுலயும் இல்லீங்க டீச்சர். பாதி தாண்டினதுக்கு அப்புறம், அடுத்தடுத்து ஒட்டுனாப்பல வளைவு வருதில்லீங்களா, அந்த எடத்துல மட்டுந்தான்" என்றார். அந்த நிலையிலும் மலையைப் பொத்தாம்பொதுவாகப் பழிக்க மனம் வரவில்லை பாருங்கள். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் பலமுறை எரிச்சலும் வந்தது.

மதியம் சத்துணவுக் கூடத்தில் சாமைச் சோறு போட்டோம். எங்கள் சமையலம்மா கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். யார் வந்தாலும் எதிரில் நின்று "எப்படியிருக்கு?" என்று கேட்டு, புகழை வாங்கிக்கொண்டுதான் நகர்வார். இன்ஜினியரம்மா நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, "சோறு நல்லா வெந்திருக்குதுங்க. கொழம்பு மேல நல்லாருக்கு, அடியில லேசாப் புடிச்சிருச்சு" என்றார். சமையலம்மா இரண்டு நாள் அவர் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் கரண்டியும் கையுமாக அவரைத் தேடி வந்தார். "மத்தவங்க எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிர்றாங்க. நீ வந்து பாத்துச் சொல்லு கண்ணு" என்றார். அன்று முதல் குழம்பு இறக்கும் நேரத்துக்கு இன்ஜினியரம்மாவுக்கு அழைப்பு வந்துவிடும்.

எனக்கும் குட்டு விழுந்திருக்கிறது. ஒருநாள் ஏதோ கடுப்பில், "எங்க ஊரு ஆம்பளைங்களே இப்பிடித்தானுங்க, ஒரு வேலைக்கும் ஆகமாட்டாங்க" என்று பொரிந்து தள்ளினேன். "எந்த ஆம்பளைங்க டீச்சர்?" என்றார். யோசித்துப் பார்த்தால் என் வீட்டுக்காரர் ஒருவர்தான், அதுவும் அன்று காலை ஒருநாள்தான். அவரோடு பேசினால் திட்டுவதற்குக்கூட நிம்மதி கிடையாது.

அவர் பிறந்தது மலையடிவாரத்து ஊர் ஒன்றில். தாத்தா காலத்திலிருந்து செங்கல் சூளை நடத்தும் குடும்பம். அப்பாவை அத்தா என்பார். நடை பழகியதே சூளை மேட்டில்தான் என்பார். அத்தா கைக்கு ஒன்றாகக் கல்லை எடுத்து மோதிக் காட்டி, சத்தத்தை வைத்து நல்ல கல்லைச் சொல்லப் பழக்கினாராம். அத்தாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் பொத்தாம்பொதுவாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "எங்கத்தா தங்கமானவருங்க." அந்த இடத்தில் எந்த இடம் என்று நானும் கேட்டதில்லை.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன். மலைக்கு ரோடு வராத காலத்தில் எழும்பிய இரண்டு அறைக் கட்டடம். செங்கல்லை அடிவாரத்திலிருந்து எங்கள் ஊரார் தலைச்சுமையாக ஏற்றினார்கள். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் சுமந்தவர். கிழக்குச் சுவரும் வடக்குச் சுவரும் எழும்பியதோடு அந்தக் கல் தீர்ந்துவிட்டது. மீதிக்கு ஊரே சேர்ந்து குளத்து மண்ணில் கல் அறுத்து, இங்கேயே சுட்டுக் கட்டினார்கள். அந்தத் தெற்குச் சுவரும் மேற்குச் சுவரும் வயிறு தள்ளிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக இருக்கும். வெளியாட்கள் வந்தால் எங்களுக்குக் கூச்சம். தலைவர்கள் படம், தேசப்படம், ஆத்திசூடி அட்டை எல்லாவற்றையும் அந்தச் சுவர்களில் மாட்டி மறைத்துவைத்திருந்தோம். வடக்குச் சுவர் மட்டும் நூல் பிடித்ததுபோல நேராக நிற்கும். போட்டோ எடுப்பதென்றால் அதற்கு முன்னால்தான்.

அவருடைய மேலதிகாரி ஒருமுறை ஜீப்பில் வந்து, இறங்கிய சுருக்கில் மேற்குச் சுவரைப் பார்த்தார். "இடிச்சிரலாம்மா. பிள்ளைங்களப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாத்திக்கலாம்" என்றார். பக்கத்து ஊர் என்பது ஓடையைத் தாண்டி, காட்டுத்தடத்தில் நடந்து போகவேண்டிய ஊர். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்தால் பெரியவர்களே தாண்டமாட்டார்கள். பெரிய பிள்ளைகள் எப்படியோ போவார்கள். சின்னதுகளையும் பெண்பிள்ளைகளையும் காட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் சுவர் சரிந்து பிள்ளைகள் மேல் விழுந்தால்? கட்டடம் நிற்க வேண்டும், பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா என்பதை இன்ஜினியரம்மாதான் சொல்ல வேண்டியிருந்தது.

அவர் அவசரப்படவில்லை. நான்கு சுவரிலும் விரிசல் இருந்தது. ஒவ்வொரு விரிசலின் குறுக்கிலும் மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு ஓரமும் சாந்து பூசி ஒட்டினார். "விரிசல் பழசா இருந்தா கண்ணாடி அப்பிடியே இருக்கும். செவுரு இன்னும் நகந்துட்டிருந்தா கண்ணாடி ஒடஞ்சிரும்" என்று பிள்ளைகளுக்கு விளக்கிச் சொன்னார். தொடக்கூடாது என்றதும் ஒரு குழந்தைகூடத் தொடவில்லை. கெடுத்தது பெரியவர்களான நாங்கள்தான்.

இடையில் ஆயுத பூஜை வந்தது. கடப்பாரை, மண்வெட்டி, பீரோ, பள்ளி மணி என்று வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கண்ணாடித் துண்டும் எங்களுக்காக இரவு பகலாக வேலை செய்கிறதே! சமையலம்மா ஒன்று விடாமல் எல்லாக் கண்ணாடிக்கும் பட்டையாகச் சந்தனம் பூசி, நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்துவிட்டார். நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்த இன்ஜினியரம்மா சுவர்முன் அசையாமல் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். "இதத் தொடைக்கலாமுங்களா, தப்பில்லீங்களே?" என்று சமையலம்மாவிடம் கேட்டார். சமையலம்மாவே முந்தானையால் துடைத்தார். மூன்று சுவர்களில் கண்ணாடி முழுசாக இருந்தது. வடக்குச் சுவரில் மட்டும் குறுக்கே உடைந்திருந்தது.

"வடக்கால செவுரா? அதுதானுங்க இருக்கறதுலயே நல்ல செவுரு!" என்றார் ஊர்க்கவுண்டர். எங்கள் ஊருக்கு மூத்தவர், வார்த்தைக்கு மதிப்புள்ளவர். "பொட்டு வெக்கையில அழுத்தியிருப்பாங்க அம்மணி. அதுல ஒடஞ்சிருக்கும்."

"இருக்கலாமுங்க ஐயா. அதனால இத நான் கணக்குல எடுத்துக்கப்போறதில்ல" என்றார் இன்ஜினியரம்மா. புதுக் கண்ணாடி ஒட்டினார். "இந்தத் தடவ பொட்டு வெக்கறதுன்னா செவுத்துல வையுங்க, கண்ணாடிக்கு வேண்டாம்" என்றார். ஆனால் அன்றைக்கே வடக்குச் சுவர் அறையைக் காலி செய்யவைத்து, மிளகுக்கொடி ஏறாத சில்வர் ஓக் மரங்களை வெட்டிவரச் சொல்லி, கூரைக்கு முட்டுக்கொடுத்தார். தெரியாது என்பதால் சும்மா இருக்கிறவர் இல்லை அவர். தெரியும்வரை பிள்ளைகள் எல்லோரும் மற்ற அறையில் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மேலதிகாரி போனில் நெருக்கினார். அவர் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "ஒரே வார்த்தையில எழுதிக் குடும்மா. இருக்கணுமா, இடிக்கணுமா?"

"ஒரே வார்த்தை அந்தக் கட்டடத்துக்குப் பத்தாதுங்க சார். மழை முடியட்டும்."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேனுங்க சார். எந்தச் செவுருன்னு மட்டும் கேளுங்க."

ஐப்பசி மழை ஊற்றித் தள்ளியது. யாரும் கிட்டே போகாமலே வடக்குச் சுவர்க் கண்ணாடி மறுபடி உடைந்தது.

மழை விட்டதும் ஒவ்வொரு சுவரிலிருந்தும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கல்லை உருவி எடுத்து, பெயர்த்த இடத்தை உடனே அடைத்தார். வடக்குச் சுவரில் மட்டும் மேலே, கீழே, நடுவே, மூலையில் என்று அதிகமாக எடுத்தார். முதல் கல்லின் தூசியைத் தட்டியதும் அதன் முகத்தில் அச்சடித்த இரண்டு எழுத்து தெரிந்தது. "இது எங்க ஊட்டுக் கல்லுங்க டீச்சர்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். அப்படியானால் கல் நல்ல கல்தான், வேறென்னவோ கோளாறு என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அவரோ விரல் நகத்தால் கல்லைக் கீறினார். கோடு விழுந்து சிவப்புப் பொடி உதிர்ந்தது. இரண்டு கல்லை மோதினார். ஈரக் கட்டையைத் தட்டியதுபோல இருந்தது சத்தம். எங்கள் ஊர்க் கல்லை மோதினார். பள்ளி மணியே திரும்பிப் பார்க்கும் போல 'ணங்' என்றது.

எல்லாக் கல்லையும் எடைபோட்டு, வாளித் தண்ணீரில் மறுநாள் வரை ஊறவைத்து, மறுபடி எடைபோட்டார். சரியாக வேகாத கல் தண்ணீரை அதிகம் குடிக்குமாம். அன்று அவர் என் வீட்டில்தான் தங்கினார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "நாளைக்கி ஊர்ல எல்லாரையும் கூப்புடுங்க டீச்சர், ஒருதடவ சொன்னாப் போதும்னு இருக்குது" என்றார்.

பள்ளி முற்றத்தில் ஊர் கூடியது. அவர் சுவர் சுவராகச் சொன்னார்.

"கெழக்குச் செவுரு எங்க தாத்தா சூளைக் கல்லு. நல்லா வெந்த கல்லு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. தெக்கும் மேக்கும் நீங்க சுட்ட கல்லு. கோணலாத்தான் கட்டியிருக்கீங்க. ஆனா நான் இதுவரைக்கும் பாத்த பழைய கல்லுலயே கெட்டியான கல்லு அது. மேக்கால ஜன்னல் மேல இருக்கற மரத்த மட்டும் செல்லு அரிச்சிருக்குது, மாத்தணும்." இதில் ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் வடக்குப் பக்கம் திரும்பினார். "வடக்குச் செவுரும் எங்க தாத்தா சூளைக் கல்லுதான். சூளையில நடுவுல இருக்கற கல்லு நல்லா வேகும். ஓரத்துக் கல்லு அரைவேக்காடா நிக்கும். எந்த லோடுலயும் பத்துக்கு ஒண்ணு ஓரத்துக் கல்லு கலந்து வரும், அது தப்பில்லீங்க. இந்தச் செவுத்துல நான் எடுத்தது அத்தனையும் ஓரத்துக் கல்லு. தனியாப் பொறுக்கி எடுத்தாத்தான் அப்பிடி வரும். மொத நடைக்கு நல்ல கல்லக் குடுத்துட்டு, தலைச்சுமையா மலையேறுன கல்லு திரும்ப எறங்காதுன்னு தெரிஞ்சு, அடுத்த நடைக்கு ஓரத்துக் கல்லா ஏத்திவிட்டிருக்காங்க. இந்தச் செவுத்த எறக்கிட்டுப் புதுசாக் கட்டணும். மத்த மூணும் நிக்கும். பள்ளிக்கூடம் எங்கயும் போக வேண்டாம்."

எனக்கு அப்புச்சியின் வழுக்கைத்தலை நினைவுக்கு வந்தது. சும்மாடு வைத்துச் சுமந்தே முடி போனதாகச் சொல்லிச் சிரிப்பார். ஒரு கணம் இன்ஜினியரம்மா மேலேயே எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்தக் குடும்பம்தானே! பின்னாலிருந்து ஒருவர் எழுந்து, "எங்க பாட்டனுகள ஏமாத்திப் போட்டு, இப்ப நீங்களே வந்து அளந்து சொல்றீங்களாக்கும்?" என்று கத்தினார்.

"சொல்லாமப் போயிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று சமையலம்மா திருப்பிக் கேட்டார். "இந்த இன்ஜினியரு பாட்டுக்குச் செவுரு பழசுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கலாம். யாரு போய்க் கேக்கப் போறோம்?"

கத்தியவர் உட்கார்ந்துவிட்டார். ஊர்க்கவுண்டர் எழுந்து போய் வடக்குச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சொந்தத் தாத்தனச் சபையில இப்பிடிச் சொல்ல நெஞ்சு வேணும் சாமி" என்றார். "நீ சொன்னா சரி. செவுத்த எறக்கிருவோம்."

அதே மாலை என் வீட்டு வாசலில் நின்று அவர் அத்தாவுக்குப் போன் போட்டார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் போன் துண்டிக்கப்பட்டது. அவர் போனைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "தாத்தான்னா அவருக்கு உசிரு" என்றார்.

அறிக்கை சுவர் சுவராகவே போனது. மேலதிகாரி முணுமுணுத்தாலும், அப்படிப் பிரித்து எழுதியதை மறுக்க அவரிடம் காரணம் இல்லை. கையெழுத்துப் போட்டார். நாங்கள் தெற்கிலும் மேற்கிலும் மாட்டியிருந்த படங்களை எல்லாம் கழற்றினோம். வருகிறவர்களை இப்போது முதலில் அந்தக் கோணல் சுவர்களுக்குத்தான் கூட்டிப்போகிறோம். ஆனால் இன்ஜினியரம்மா இளைத்துப்போனார். தை போய், மாசி போய், பங்குனியும் போயிற்று. அத்தா பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அம்மா மூலமாகத்தான் சாப்பாட்டுக்கே கூப்பிடுவாராம். "செஞ்சது தப்புன்னு நெனைக்கிறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "இல்லீங்க டீச்சர்" என்றார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

கோடை விடுமுறையில் வடக்குச் சுவரை இறக்கினோம். புதுக் கல்லுக்கு நாங்கள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, யாரும் சொல்லாமல் ஒரு செங்கல் லாரி பள்ளி முன்னால் வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பெரியவர் இறங்கினார். "நாந்தானுங்க இன்ஜினியரோட அத்தா" என்று ஊர்க்கவுண்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்கத்தா பட்ட கடன். செவுத்துக்கு வேண்டிய கல்லு, எங்க அன்பளிப்பா வெச்சுக்கோணும்." மகள் அங்கேதான் நின்றிருந்தார். பெரியவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. "எறக்குங்கப்பா" என்றார் ஆட்களிடம்.

"இருங்கண்ணா, எறக்காதீங்க" என்றது மகளின் குரல்.

முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு லாரி மேல் ஏறினார். இரண்டு கல்லை எடுத்து மோதினார். நல்ல சத்தம். இன்னும் இரண்டு. நல்ல சத்தம். எனக்கு அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிடலாமா என்றிருந்தது. இத்தனை மாதம் கழித்து மனிதர் தானாக வந்திருக்கிறார், இன்றைக்கு ஒருநாள் சும்மா இருக்கக்கூடாதா? அவர் பின்பக்கம் குனிந்து அடியிலிருந்து ஒரு கல்லை உருவினார். நகத்தால் கீறினார். தனியாக வைத்தார்.

பெரியவர் முகம் சிவந்தது. "நடுச்சூளைக் கல்லாப் பாத்துத்தான் ஏத்தச் சொன்னேன்" என்றார், காற்றிடம் சொல்வதுபோல.

"முன்னாடி இருக்கறது எல்லாம் நல்ல கல்லு அத்தா. பின்னாடி, அடியில ரெண்டு வரிசை மட்டும் ஓரத்துக் கல்லு."

ஊர்க்கவுண்டர் கை கொடுக்க, பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு லாரியில் ஏறினார். மகள் நீட்டிய கல்லை வாங்கித் தானும் கீறிப் பார்த்தார். நகத்தில் ஒட்டிய சிவப்புப் பொடியை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ரெண்டு வரிசைய எறக்காதீங்கப்பா" என்றார் ஆட்களிடம். "லாரியிலயே இருக்கட்டும். கீழ கொண்டு போயிரலாம்."

இறங்கியவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் போனோடு அங்குமிங்கும் நடக்க வேண்டும். அவரும் நடந்தார். கடைசியில் மேற்குச் சுவரோரம் போய் நின்று, மலையடிவாரம் வரைக்கும் கேட்கும் குரலில் வீட்டுக்குச் சொன்னார்:

"திருப்பிட்டா! ஆமா, நம்ம சூளைக் கல்லத்தான்... ஊரே பாத்துட்டு நிக்குது... யாரா? நம்ம புள்ளதான், வேற யாரு!"